ஏட்டில் இருக்கும் பெயர் அவருடையது இல்லை

ஒலிம்பிக் ஆண்கள் மாரத்தானில் ஜப்பான் எத்தனை தங்கம் வென்றிருக்கிறது என்று வினாடி வினாவில் கேட்டால், 'ஒன்று' என்று சொன்னால்தான் மதிப்பெண் கிடைக்கும். 1936, பெர்லின். வென்றவர் சோன் கித்தேய். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஏட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நெடுந்தூர ஓட்டத்தின் மேல் ஜப்பானியருக்கு அப்படி ஒரு பித்து. புத்தாண்டு விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஓடும் ஹகோனே தொடர் ஓட்டத்தை நாடே டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள் பார்க்கும். அப்படிப்பட்ட நாட்டுக்கு இருக்கிற அந்த ஒற்றைத் தங்கத்தை வென்றவர் ஜப்பானியர் கிடையாது, கொரியர். கித்தேய் என்பதும் அவர் பெயர் கிடையாது. சோன் கி ஜங் என்பதுதான் வீட்டில் வைத்த பெயர்.

பெயர் மாறிய விதம் கொஞ்சம் நுணுக்கமானது. வெள்ளைக்காரன் தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' ஆக்கினான். அதை நாக்கு புரளாத குறை என்று விட்டுவிடலாம். கொரியாவில் நடந்தது வேறு. அன்றைய கொரியர்கள் தங்கள் பெயரைச் சீன எழுத்துகளிலும் எழுதுவார்கள். அதே எழுத்துகளை ஜப்பானியர்களும் எழுதுவார்கள். ஆனால் வேறு ஒலியில் படிப்பார்கள். 'கி ஜங்' என்று கொரியர் படிக்கும் இரண்டு எழுத்தை ஜப்பானியர் 'கித்தேய்' என்று படிப்பார். ஆக, ஒலிம்பிக் படிவத்தில் எழுத்தை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ரோமன் லிபியில் எழுதும்போது ஜப்பானிய உச்சரிப்பைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

கொரியாவை ஜப்பான் 1910இல் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது. கி ஜங் பிறந்தது 1912இல். ஊர் சினுய்ஜு. கொரியாவின் வட எல்லையில், யாலு ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் சீனா. குடும்பம் ஏழை. குளிர்காலத்தில் யாலு உறைந்துவிடும், பையன்கள் பனிச்சறுக்கு ஓட்டுவார்கள். இவருக்கும் ஆசைதான். சறுக்குச் செருப்பு வாங்கக் காசில்லை. ஓடுவதற்குக் காசு வேண்டியதில்லை என்பதால் ஓடினார். இவர் ஓட்டம் ஓட்டம் என்று அலைவதைப் பார்த்துப் பயந்த அம்மா, ஓடினால் வழுக்கட்டும் என்று பெண்கள் போடும் ரப்பர் காலணியை வாங்கிக் கொடுத்தாராம். பையன் வைக்கோல் கயிற்றால் அதைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினான் என்று கொரியாவில் கதை சொல்வார்கள்.

பிறகு சியோலுக்கு வந்து யாங்ஜோங் பள்ளியில் சேர்ந்தார். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போன பள்ளி அது. முதலில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தவர் 1933இல்தான் மாரத்தான் பக்கம் திரும்பினார். அடுத்த மூன்றே ஆண்டில் ஏறத்தாழ ஒரு டஜன் மாரத்தான். ஒன்றில்கூட மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை, பெரும்பாலானவற்றில் முதலிடம். 1935 நவம்பர் 3ஆம் தேதி டோக்கியோவில் 2 மணி 26 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதே பள்ளியில் இன்னொரு ஓட்டக்காரர் இருந்தார்: நாம் சுங் யோங். (தமிழில் அவரது குடும்பப் பெயர் நம்மைக் குழப்பும், ஆகவே சுங் யோங் என்றே சொல்கிறேன்.) இவர் நாட்டின் வட கோடி என்றால் அவர் தென்கோடி, சுன்சோன் ஊர்க்காரர். பெர்லினுக்கான இறுதித் தேர்வு ஓட்டத்தில் சுங் யோங் முதலாவது, கி ஜங் இரண்டாவது. ஜப்பானிய அதிகாரிகளுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. ஆனால் கடிகாரம் சொன்னதை என்ன செய்வது? இருவரையும் அனுப்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

டோக்கியோவிலிருந்து பெர்லினுக்கு ரயில். கடலைத் தாண்டி கொரியா, அங்கிருந்து மஞ்சூரியா, அப்புறம் சைபீரியா முழுக்கக் குறுக்கே, மாஸ்கோ, பெர்லின். பயணம் இரண்டு வாரத்துக்குக் குறையாது. மாரத்தான் ஓடப் போகிறவன் அத்தனை நாள் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தால் கால் என்னத்துக்கு ஆகும் என்று இன்றைய பயிற்சியாளர்கள் அலறுவார்கள்.

ஆகஸ்ட் 9, மதியம் 3 மணி. 56 பேர் புறப்பட்டார்கள். கி ஜங்கின் மார்பில் 382ஆம் எண். காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிளந்த 'தபி' வகைத் துணிக் காலணி. ஜப்பானிய வேலையாட்கள் போடுவதை ஓட்டத்துக்கு ஏற்றபடி மாற்றித் தைத்தது. எல்லோரும் எதிர்பார்த்தது அர்ஜென்டினாவின் ஹுவான் கார்லோஸ் சபாலாவை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வென்றவர். மனிதர் ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு போனார். பாதித் தூரத்தில் பின்னால் வந்தவர்களுக்கும் அவருக்கும் ஏறத்தாழ 50 விநாடி இடைவெளி.

பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர்: கி ஜங், பிரிட்டனின் எர்னி ஹார்ப்பர். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. கி ஜங் அவசரப்பட்டு சபாலாவைத் துரத்தப் பார்த்தபோது ஹார்ப்பர் சைகை காட்டி நிதானிக்கச் சொன்னார்: விடு, அவன் தானாகவே தீர்ந்துபோவான். அப்படியே நடந்தது. 28 கிலோமீட்டர் வாக்கில் இருவரும் சபாலாவைத் தாண்டினார்கள். 32ஆவது கிலோமீட்டர் அருகே சபாலா ஓட்டத்தையே விட்டுவிட்டார். போட்டியாளனுக்கு வழி சொல்லிக் கொடுத்த ஹார்ப்பருக்குக் கிடைத்தது வெள்ளி. கி ஜங் அந்த நன்றியைக் கடைசி வரை மறக்கவில்லை.

2 மணி 29 நிமிடம் 19.2 விநாடி. கிலோமீட்டருக்குச் சராசரியாக 3 நிமிடம் 32 விநாடி. ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்த முதல் ஆள். ஹார்ப்பர் வந்து சேர அதன்பின் இரண்டு நிமிடம் ஆனது. ஹார்ப்பருக்கு 19 விநாடி பின்னால், மூன்றாவதாக, சுங் யோங்.

மேடையில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் மையம். தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் சேர்த்து இரண்டு ஜப்பானியக் கொடிகள் ஏறின. ஜப்பானின் தேசிய கீதம் ஒலித்தது. அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். வென்றவர் முகத்தில் இருக்க வேண்டிய எதுவுமே அதில் இருக்காது. இரண்டு பேரும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்குத் தொட்டியில் ஓர் ஓக் கன்றும் கொடுத்தார்கள். கி ஜங் அந்தக் கன்றை இரு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். சட்டையில் இருந்த ஜப்பானியக் கொடியின் சிவப்பு வட்டத்தை இலைகள் மறைக்கின்றன. பக்கத்தில் நின்ற சுங் யோங்குக்கு மறைக்க எதுவும் இல்லை. தன் நண்பனின் தங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, அந்தச் செடியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

பெர்லினில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கு கி ஜங் தன் பெயரைக் கொரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தார். அப்படி ஒரு கையெழுத்து இன்றும் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எழுத்தில் 'கொரியன்' என்று எழுதியிருக்கிறார்.

அதே வாரம் அதே பெர்லினில் இன்னோர் அடிமை நாட்டு அணியும் இருந்தது. தியான் சந்தின் ஹாக்கி அணி ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜெர்மனியோடு இறுதிப் போட்டிக்கு இறங்கும் முன், அணியோடு போயிருந்த பங்கஜ் குப்தா உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போய் 8-1 என்று ஜெயித்தார்கள். வெளியே பறந்தது பிரிட்டிஷ் இந்தியக் கொடிதான். ஆனாலும் 'இந்தியா' என்ற பெயராவது ஏட்டில் இருந்தது. கொரியாவுக்குத் தனி ஒலிம்பிக் கமிட்டி கிடையாது. 'கொரியா' என்ற ஒரு வார்த்தை அந்த ஒலிம்பிக் பதிவேட்டில் எங்குமே இல்லை. நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். கி ஜங்கின் மீதி வாழ்க்கையே அந்த வித்தியாசத்தில்தான் கழிந்தது.

ஊரில் பத்திரிகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டோங்-ஆ இல்போ நாளிதழின் விளையாட்டு நிருபர் லீ கில் யோங்கின் மேசைக்கு, மார்பில் அந்த வட்டம் தெரிகிற இன்னொரு மேடைப் படம் ஒரு ஜப்பானியப் பத்திரிகை வழியாக வந்தது. அலுவலகத்தில் ஓவியர் லீ சாங் போம் இருந்தார். பிற்காலத்தில் கொரிய நிலக்காட்சி ஓவியத்தில் பெரிய பெயரெடுத்தவர். அவர் கை வைத்ததும் மார்பில் இருந்த சூரியன் காணாமல் போனது. ஆகஸ்ட் 25ஆம் தேதி இதழில் அந்தப் படம் வந்தது. வெறும் வெள்ளைச் சட்டை. அன்றைய அச்சுத் தரத்தில், மை சரியாக விழவில்லை என்றுகூடச் சமாளித்திருக்கலாம். ஜோசொன் ஜுங்ஆங் இல்போ என்ற இன்னொரு நாளிதழ் அதற்குச் சில நாள் முன்பே இதே வேலையைச் செய்திருந்தது.

போலீஸ் அப்படி விடவில்லை. நிருபர், ஓவியர் உட்படப் பலரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதத்துக்கும் மேலாக அடைத்து வைத்து அடித்தார்கள். டோங்-ஆ இல்போவுக்கு ஒன்பது மாதம் பூட்டு. ஜோசொன் ஜுங்ஆங் இல்போ அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு சட்டையில் விரற்கடை அளவு சிவப்பை அழித்ததற்கு ஒரு பத்திரிகையின் உயிர் விலை.

வெற்றி வீரர் ஊர் திரும்பியபோது மேளதாளம் இல்லை. கூட்டம் கூடினால் அது எதில் போய் முடியும் என்று அரசுக்குத் தெரியும். போலீஸ் கண்காணிப்பில்தான் இருந்தார். ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இனி ஓடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது என்பார்கள். எப்படியானாலும் 24 வயதில், உலக சாதனையும் ஒலிம்பிக் தங்கமும் கையில் இருக்கும்போதே, அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்துபோனது. 1940இல் பட்டம் வாங்கினார், வங்கியில் வேலை பார்த்தார். 1940 ஒலிம்பிக்கும் போரில் போய்விட்டது. ஓட்டக்காரராக அவர் கதை இவ்வளவுதான். மாரத்தான் ஓடிய காலம் மூன்றே ஆண்டு. மீதி வாழ்க்கை 66 ஆண்டு.

1945இல் ஜப்பான் தோற்று கொரியா விடுதலை அடைந்ததும் கி ஜங் இளைஞர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். சுங் யோங்கும் கூட நின்றார். சோற்றுக்கே பஞ்சமான காலம். ஓட வந்த பையன்கள் அவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சி செய்தார்கள்.

1947 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். அமெரிக்க ராணுவ விமானத்தில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த குழு: பயிற்சியாளராக கி ஜங், வழிகாட்டியாகவும் ஓட்டக்காரராகவும் 34 வயது சுங் யோங், இளைஞர் சோ யுன் போக். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்து சோ கீழே விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு எழுந்து ஓடி முதலாவதாக வந்தார். நேரம் 2:25:39. உலக சாதனை.

அந்தச் சாதனை யாருடையதை முறியடித்தது? 1935இல் டோக்கியோவில் ஓடிய அதே 2:26:42ஐ. பதினோரு ஆண்டுக்கும் மேலாக ஜப்பான் கணக்கில் இருந்த கி ஜங்கின் சாதனையை அவருடைய சீடர் உடைத்தார். இந்த முறை நாடு என்ற கட்டத்தில் கொரியா. தன் சாதனை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஓட்டக்காரர் வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை. சுங் யோங் அன்று 12ஆவதாக வந்தார். தன் நாட்டுப் பெயரில் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த வயதில் அவர் காலணி கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியக் கொடியை ஏந்தி அணிக்கு முன்னால் நடந்தவர் கி ஜங். 1950 பாஸ்டனில் அவர் கூட்டிப்போன மூன்று பேரும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தார்கள். முதலாவதாக வந்த ஹாம் கி யோங்கின் முன்னிலை எவ்வளவு பெரிது என்றால், கடைசிக் கட்டத்தில் மனிதர் அவ்வப்போது நடந்தே வந்தார். இரண்டு மாதத்தில் கொரியப் போர் வெடித்தது. நாடு இரண்டாகவே நின்றுபோனது. சினுய்ஜு வடக்கில், இவர் தெற்கில். யாலு ஆற்று மணல் அத்தோடு எட்டாக்கனி.

இனி அந்த ஏட்டுக்கு வருவோம். தென்கொரியா பலமுறை கேட்டது: பெயரையும் நாட்டையும் திருத்துங்கள். ஒலிம்பிக் கமிட்டியின் பதில் மாறவில்லை. எந்த தேசியக் கமிட்டி அனுப்பியதோ அந்த நாட்டின் கணக்கு. எந்தப் பெயரில் பதிவானாரோ அந்தப் பெயர். 2011இல் ஒரு படி இறங்கி வந்தது. பட்டியலைத் தொடாமல், அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் கொரியப் பெயரையும் அன்றைய நிலைமையையும் சேர்த்தது.

எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. 1970இல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் பாக் யோங் ரோக் பெர்லின் போனார். ஒலிம்பிக் அரங்கச் சுவரில் 1936 வெற்றியாளர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இரவில் உளியோடு உள்ளே புகுந்து, மாரத்தான் வரியில் 'ஜப்பான்' என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டு 'கொரியா' என்று வெட்டினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஐந்தே எழுத்து என்பதால் இடப்பிரச்சினை இல்லை! ஜெர்மன்காரர்கள் கண்டுபிடித்துப் பழையபடியே திருத்திவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. 1936இல் கொடியை அழித்த ஓவியர் உண்மையைச் சொன்னார், சந்தேகமே இல்லை. இன்றைக்கு ஏட்டில் 'ஜப்பான்' என்பதை அழித்தால் அதுவும் உண்மை சொல்வதாகுமா? அழித்துவிட்டால், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்காரனின் காலையும் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்பதற்கான சாட்சியமும் போய்விடுகிறது. நாளைக்குப் படிக்கிற பிள்ளைக்கு 1936இல் கொரியா என்று ஓர் அணி இருந்தது போலத் தோன்றும். பட்டியல் அப்படியே இருக்கட்டும். பக்கத்துக் குறிப்பு இன்னும் பெரிதாக, பெயருக்கு மேலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் இதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

பெர்லினில் அவருக்குச் சேர வேண்டிய இன்னொரு பொருளும் தாமதமாகத்தான் வந்தது. மாரத்தானில் வெல்பவருக்கென்று ஏதென்ஸ் நாளிதழ் ஒன்று, கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலத் தலைக்கவசத்தைக் கொடுத்திருந்தது. ஒலிம்பியாவில் அகழ்ந்தெடுத்தது. அமெச்சூர் வீரர் விலையுயர்ந்த பரிசு வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி அதை அவரிடம் கொடுக்கவில்லை. பெர்லின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடந்தது. 1986இல், சரியாக 50 ஆண்டு கழித்து, கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தென்கொரியா அதைத் தேசியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 1994இல் கி ஜங் அதை நாட்டின் தேசிய அருங்காட்சியகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுடரை அரங்கத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வயது 76. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஓட்டம் என்று சொல்ல முடியாது. சின்னப் பிள்ளை போலத் துள்ளித் துள்ளி வருகிறார்.

அதைவிடப் பெரியது நான்கு ஆண்டு கழித்து பார்சிலோனாவில் காத்திருந்தது. 1992 ஆகஸ்ட் 9. பெர்லின் ஓட்டம் நடந்த அதே தேதி. மோன்ஜுயிக் குன்றின் மேல் இருந்தது அரங்கம், 40 கிலோமீட்டர் ஓடிக் களைத்தவர்களை மலையேற வைக்கிற கொடுமையான பாதை. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: தென்கொரியாவின் ஹ்வாங் யங் ஜோ, ஜப்பானின் கொய்ச்சி மொரிஷிதா. ஹ்வாங்கின் அம்மா கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவர். மகனின் நுரையீரல் அங்கிருந்து வந்தது என்று கொரியர்கள் சொல்வார்கள். குன்றின் கடைசி இறக்கத்தில் ஹ்வாங் பிய்த்துக்கொண்டார். 22 விநாடி வித்தியாசத்தில் தங்கம், 2:13:23. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். அரங்கத்தில் 79 வயது கி ஜங் உட்கார்ந்திருந்தார். ஹ்வாங் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். இந்த முறை ஜப்பானியக் கொடி இரண்டாவது கம்பத்தில் இருந்தது.

2002 நவம்பர் 15ஆம் தேதி, 90ஆம் வயதில் அவர் இறந்தார்.

மார்பை மறைத்த அந்தக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய யாங்ஜோங் பள்ளி வளாகத்தில் நட்டார்கள். பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. வளாகம் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா. பழைய செங்கல் கட்டடத்தில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. மரம் நன்றாக ஓங்கி வளர்ந்திருக்கிறது. சியோல் நகரம் அதை நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது, 'லாரல் முடி நினைவு மரம்' என்ற பெயரில். லாரல் என்பது நமக்கு வாகை மாதிரி, வெற்றி பெற்றவன் தலையில் சூடுகிற இலை. ஆனால் அந்த மரம் லாரல் கிடையாது. ஓக்தான், அதிலும் ஜெர்மானிய ஓக் கிடையாது, வட அமெரிக்காவைச் சேர்ந்த ஊசி ஓக். இலையுதிர் காலத்தில் இலைகள் நன்றாகச் சிவக்கும்.